எனக்குச் சொல்ல ஆள் இருக்கு

ஆகஸ்ட் 9

மாப்பிள்ளைக்கு,

போன் செய்யாதே. நேற்று ஏழு முறை அடித்தாய். ஏழும் நீதான் என்று தெரிந்தே எடுக்கவில்லை. சொல்ல வேண்டியது எதுவானாலும் எழுதி அனுப்பு, என் கம்ப்யூட்டர் படித்துக் காட்டும். அதற்கு இருப்பது ஒரே குரல். கல்யாணப் பத்திரிகையையும் கரண்ட் பில்லையும் அது ஒரே மாதிரிதான் படிக்கும். எனக்கு இப்போது அந்தக் குரல்தான் வேண்டும். உன் குரலைக் கேட்டால் நம்பிவிடுவேன். பதினோரு வருடம் நம்பியது போதும்.

விஷயத்துக்கு வருகிறேன். மார்ச்சில் கொரோனாவுக்காக ஃபுட்பால் ஸ்டேடியத்தைப் பூட்டினார்கள். ஜூனில் ரசிகர்கள் இல்லாமல் மேட்ச் தொடங்கினார்கள். உன் பகுதியிலிருந்து என் பகுதிக்கு வர அனுமதி இல்லை, அதனால் நீ வந்து டி.வி. பார்த்து எனக்குச் சொல்ல வழியில்லை. வேறு போக்கு இல்லாமல் ஒரு ரேடியோ வாங்கினேன். இதற்கு முன் நம் டீமின் ஆட்டத்தை நான் ரேடியோவில் கேட்டதே கிடையாது. ஆஸ்பத்திரியில் என்கூட வேலை செய்கிற எத்தனையோ பேர் சொல்லியிருக்கிறார்கள். "சார், ரேடியோல நல்லாத்தான் சொல்றாங்க, கேட்டுப் பாருங்களேன்." ஒவ்வொரு முறையும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஒரே பதில்தான் சொன்னேன். "எனக்குச் சொல்ல ஆள் இருக்கு."

முதல் மேட்ச்சில் நம் மூன்றாம் நம்பர் நான்கு முறை பந்தைப் பறிகொடுத்தான் என்றார் ரேடியோக்காரர். பையனுக்கு அன்றைக்கு நேரம் சரியில்லை என்று நினைத்தேன். இரண்டாவது மேட்ச்சில் அவனைத் தாண்டிப்போய் இரண்டு கோல் அடித்தார்கள். மூன்றாவதில் அந்த மனிதர் சிரித்துக்கொண்டே சொல்கிறார், இந்த அணியின் இடது பக்கம் ஏழெட்டு வருடமாகத் திறந்து கிடக்கிற வாசல் என்று. ரேடியோக்காரருக்கு அவன் மேல் ஏதோ காழ்ப்பு என்று வைத்துக்கொண்டேன். ஆனால் ஆள் இல்லாத மைதானத்தில் எல்லாமே கேட்கிறது, மாப்பிள்ளை. பந்தை உதைக்கிற சத்தம் கேட்கிறது. ஓரத்தில் நின்று நம் கோச் கத்துவது கேட்கிறது. "மூணு, திரும்பி ஓடுடா. எத்தன தடவ சொல்றது." தொண்ணூறு நிமிடமும் இதே பாட்டு. கோச்சுக்குமா அவன் மேல் காழ்ப்பு?

அப்புறம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. வெளியூர் மேட்ச் என்றால் டி.வி. சத்தத்தை முழுக்கக் குறைத்துவிடுவாய். "இவனுங்க உளறல் நமக்கு எதுக்கு மச்சான்" என்பாய். ஸ்டேடியத்தில் கூட்டம் கூச்சல் போட்டால் "ரெஃப்ரிய ஏசுறாங்க" என்பாய். மூன்றாம் நம்பரை வெளியே எடுப்பதாக மைக்கில் அறிவித்தால் "அடுத்த மேட்ச்சுக்காக ரெஸ்ட் குடுக்கிறாங்க" என்பாய். எத்தனை ரெஸ்ட். அவனைப்போல ரெஸ்ட் எடுத்த ஆட்டக்காரன் உலகத்தில் இருந்திருக்க மாட்டான்.

ஆஸ்பத்திரி கேன்டீனில் பதினோரு வருடமாக அவனுக்காக வக்காலத்து வாங்கியிருக்கிறேன். நாட்டிலேயே சிறந்த இடதுபக்க ஆள் அவன்தான் என்று மேசையைத் தட்டிப் பேசியிருக்கிறேன். அந்த லேப் டெக்னீஷியன் ஒருநாள் "சார், தமாஷுக்குத்தானே சொல்றீங்க" என்று கேட்டார். பாவம், ஃபுட்பால் தெரியாத மனிதர் என்று உன்னிடம் சொல்லிச் சிரித்தேன். நீயும் கூடவே சிரித்தாய்.

என் வேலை உனக்குத் தெரியும். டெலிபோன் போர்டு. இந்த ஐந்து மாதமாக நோயாளிகளைப் பார்க்க யாரையும் உள்ளே விடுவதில்லை, எல்லோரும் எனக்குத்தான் போன் செய்கிறார்கள். வார்டிலிருந்து வரும் பட்டியலைக் கம்ப்யூட்டர் எனக்குப் படிக்கும், நான் அவர்களுக்குச் சொல்வேன். 'நிலையில் மாற்றமில்லை' என்று இருந்தால் மாற்றமில்லை. "கொஞ்சம் தேவலையா சார்" என்று கெஞ்சுவார்கள். ஒரு சொல் கூட்ட மாட்டேன். இன்றைக்கு ஒன்றைக் கூட்டினால் நாளைக்கு நான் சொல்கிற எதையும் அவர்கள் நம்ப வேண்டியதில்லை. அதற்காக வசை வாங்கியிருக்கிறேன்.

அக்டோபரில் ஸ்டேடியம் திறக்கிறதாம். பத்தில் ஒருவருக்குத்தான் இடம். பார்வை இல்லாதவர்களுக்குக் காதில் மாட்டுகிற கருவி தருவார்களாம், கிளப்பின் ஆள் ஒருவர் ஆட்டத்தைச் சொல்வாராம். கூட ஒருவரை அழைத்து வரலாம், ஆனால் அவர் ஒரே வீட்டில் வசிப்பவராக இருக்க வேண்டும். நான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அதற்கு முன் நீ எனக்கு ஒன்று சொல். மூன்றாம் நம்பர் நல்ல ஆட்டக்காரனா, இல்லையா? ஒரே வரியில் எழுது.

மச்சான்


ஆகஸ்ட் 14

அன்புள்ள மச்சானுக்கு,

உங்கள் கடிதத்தை வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றபடி படித்தேன். உங்கள் தங்கை "என்ன, யாருக்கு என்ன ஆச்சு" என்று பதறிவிட்டாள். ஒன்றுமில்லை, உன் அண்ணனுக்கு ரேடியோ பிடித்திருக்கிறது என்றேன்.

முதலில் இங்கே நம் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். டிரைவிங் ஸ்கூலை ஐந்து மாதம் பூட்டி வைத்திருந்து போன வாரம்தான் திறக்க விட்டார்கள். திறந்ததும் ஒரு திறப்பா? காருக்குள் எனக்கும் கற்றுக்கொள்பவருக்கும் நடுவே பிளாஸ்டிக் திரை. நான்கு கண்ணாடியும் இறக்கியே இருக்க வேண்டும். முகமூடி போட்டுக்கொண்டு நான் 'பிரேக்' என்றால் அவர்களுக்குக் கேட்பதில்லை, 'என்ன' என்று திரும்பி என்னைப் பார்க்கிறார்கள், அதற்குள் முன்னால் போகிற பஸ் நின்றுவிடுகிறது. நேற்று ஓய்வுபெற்ற ஒரு தலைமையாசிரியை வந்தார். உங்களுக்குச் சொல்லியிருக்கிறேனே, ஆறு முறை டெஸ்டில் தோற்றவர். நடைபாதையில் ஒரு சக்கரத்தை ஏற்றிவிட்டு "எப்படி ஓட்டுறேன்" என்று கேட்டார். "அருமையா ஓட்டுறீங்க டீச்சர், லேசா வலது பக்கம் மட்டும் ஒடிங்க" என்றேன். உள்ளதைச் சொன்னால் ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் கண்ணைப் பொத்திக்கொள்வார். இந்தத் தொழிலில் இருபது வருடம் நான் உயிரோடு இருப்பது அப்படித்தான்.

மூன்றாம் நம்பரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ரேடியோக்காரர்கள் உயரத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்திருப்பவர்கள், நாம் தரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள். கோணம் என்று ஒன்று இருக்கிறது அல்லவா? அதோடு இடது பக்கம் ஆடுவது என்பது சாதாரண வேலையும் இல்லை. ஒருவனை நல்லவன், கெட்டவன் என்று ஒரே வரியில் எப்படி எழுத முடியும், நீங்களே சொல்லுங்கள். நேரில் விவரமாகப் பேசுவோம்.

நேரில் என்று ஏன் சொல்கிறேன் என்றால், கிளப்பின் படிவத்தை நம் இருவர் பெயரிலும் நிரப்பி அனுப்பியாயிற்று. கவலையை விடுங்கள். அக்டோபரில் பழையபடி நம் இடத்தில் நாம். எப்படி முடிந்தது என்று மட்டும் கேட்காதீர்கள்.

உங்கள் மாப்பிள்ளை


செப்டம்பர் 2

மாப்பிள்ளைக்கு,

எப்படி முடிந்தது என்று நான் கேட்கவில்லை. கிளப்பில் கேட்டார்கள்.

நேற்றுக் காலை வேலைக்குக் கிளம்புகிற நேரத்தில் ஒரு பெண் போன் செய்தார். மிகவும் மரியாதையாகப் பேசினார். "உங்க கூட வர்றதா எழுதியிருக்கிறவர் உங்க வீட்லதான் இருக்காரா சார்?" என்று கேட்டார். நான் ஏழெட்டு விநாடி பேசாமல் இருந்தேன். அந்த ஏழெட்டு விநாடியும் உனக்காகத்தான். பிறகு இல்லை என்றேன். "படிவத்துல நடு அறையில குடியிருக்கிறதா விவரமா எழுதியிருக்காரே சார்" என்றார்.

என் வீட்டில் நடு அறை ஏது? இருப்பது ஒரு அறை, ஒரு சமையல்கட்டு. பொய் சொன்னாலும் உன்னால் ஒரு வரியோடு நிறுத்த முடியாது. நடு அறை வேண்டும், அதில் ஜன்னலோரம் கட்டில் வேண்டும். கட்டிலையும் எழுதியிருக்கிறாயாம்.

பொய்த் தகவல் கொடுத்ததற்காக இந்த சீசன் முழுக்க உனக்கு உள்ளே வர அனுமதி இல்லை. எனக்கு எச்சரிக்கைக் கடிதம். தனியாக வரலாம், வாசலிலிருந்து அவர்களின் ஊழியர் அழைத்துப் போவார். விதிமுறைகளை மெயிலில் அனுப்பியிருக்கிறார்கள். ஆறு பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். பார்வை இல்லாதவனுக்கான விதிமுறை. என் கம்ப்யூட்டர் அதைத் திறந்து "படம். படம். படம்" என்று ஆறு முறை சொல்லிவிட்டு நின்றுவிட்டது. திரும்ப போன் செய்து கேட்டால் "மெயில்ல எல்லாம் தெளிவா இருக்கு சார்" என்கிறார்கள்.

தங்கச்சி என்னிடம் பேசுவதில்லை. நான் உன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டேன் என்கிறாள். உள்ளதைச் சொன்னேன், அவ்வளவுதான்.

நான் கேட்ட ஒரு வரி இன்னும் வரவில்லை.

மச்சான்


செப்டம்பர் 6

மச்சான்,

இல்லை.

இதுதான் நீங்கள் கேட்ட வரி. அவன் நல்ல ஆட்டக்காரன் இல்லை. எட்டு வருடமாக இல்லை. போதுமா? இப்போது நான் பேசுகிறேன், நீங்கள் கேளுங்கள். நடுவில் நிறுத்தச் சொல்லி அந்தக் கம்ப்யூட்டரைத் தட்டாதீர்கள்.

எனக்குக் கோபம் வருகிறது. ஒரே ஒரு 'ஆமாம்' சொல்லியிருந்தால் அக்டோபரில் நாம் இருவரும் உள்ளே இருந்திருப்போம். யாருக்கு என்ன குடி முழுகியிருக்கும்? முப்பது வருடமாக நம் சொந்த மைதானத்து மேட்ச்சை நான் டி.வி.யில் பார்த்ததில்லை. இனிமேல் பார்க்க வேண்டும். உங்கள் தங்கை என்னைப் பார்க்கிற பார்வையில், படிவத்தை நான் நிரப்பியபோது அவள் 'வேண்டாம்' என்று சொன்னதும் இருக்கிறது, இப்போது என் மேல் பரிதாபமும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துத் தாங்க முடியவில்லை.

உங்களுக்குக் கண் போய்க்கொண்டிருந்த அந்தக் கடைசி வருடம் ஞாபகம் இருக்கிறதா? சீசனின் கடைசி மேட்ச். ஒரு கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு இன்னொரு கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். ஏதோ குழாய் வழியாகப் பார்ப்பது போல இருக்கிறது என்று சொன்னீர்கள். மூன்றாம் நம்பர் சட்டையில், பத்தொன்பது வயதில் ஒருவனைப் புதிதாக இறக்கினார்கள். பந்தை நம் கோல் பக்கத்தில் வாங்கினான். இடது ஓரமாகவே ஏறினான். ஒருவனைத் தாண்டினான், இன்னொருவன் அவன் சட்டையைப் பிடித்தான், அதையும் உதறிவிட்டுப் போய் அந்தப் பக்கத்துக் கோலில் போட்டான். நேர்கோட்டில் ஓடியதால் உங்கள் கண்ணை விட்டு அவன் நழுவவே இல்லை. "முழுசா பார்த்துட்டேன் மாப்பிள்ள, முழுசா பார்த்துட்டேன்" என்று என் தொடையில் அடித்தீர்கள். மூன்று நாள் வலித்தது. அதற்குப் பிறகு நீங்கள் அந்த மைதானத்தில் எதையும் பார்க்கவில்லை.

முதல் மூன்று வருடம் நான் சொன்னதெல்லாம் நிஜம். ஒன்றுகூட இட்டுக்கட்டியது இல்லை. பிறகு அவனுக்கு முழங்கால் போயிற்று. ஆபரேஷன் முடிந்து ஏழு மாதம் கழித்து வந்தவன் வேறு ஆள். திரும்பி வந்த முதல் மேட்ச்சிலேயே ஒருவன் அவனைச் சுலபமாகத் தாண்டிப் போனான். இவன் திரும்ப முயன்று குப்புற விழுந்தான். அப்போது பார்த்து நீங்கள் கேட்டீர்கள், "மூணு எங்க?" நான் வாயைத் திறந்தேன். "ஏறிட்டு இருக்கான் மச்சான்" என்று வந்துவிட்டது. யோசித்துச் சொன்னது இல்லை. டீச்சர் நடைபாதையில் ஏற்றும்போது 'அருமை' என்று வருகிறதே, அப்படி வந்தது.

ஒருமுறை வந்தபின் எப்படி இறங்குவது? கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாம் என்று ஒவ்வொரு வாரமும் நினைப்பேன். நான்காவது கியரிலிருந்து மூன்று, இரண்டு என்று. ஆனால் நீங்கள் "இன்னைக்கு அவன் எப்படி" என்று கேட்கும்போது உங்கள் முகம் இருக்கிற இருப்பு உங்களுக்குத் தெரியாது. அவனை வேறு டீமுக்கு விற்றுத் தொலைக்க மாட்டார்களா என்று ஒவ்வொரு சீசனும் வேண்டிக்கொண்டேன். அவன் ஒப்பந்தத்தை இன்னும் மூன்று வருடம் நீட்டியபோது ஊரே தலையில் கை வைத்தது. நானும் வைத்தேன், என் காரணம் வேறு.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், மனதில் பாரமாக இருக்கிறது. போன வருடம் ஆறாம் நம்பர் தலையால் முட்டிப் போட்டான் என்று நான் சொன்ன கோல் இருக்கிறதே, நீங்கள் கேன்டீனில் எல்லோருக்கும் நடித்தே காட்டினீர்களே, அதை நான் பார்க்கவில்லை. டீச்சர் ஐந்தாம் முறையாக டெஸ்டில் தோற்று மெசேஜ் அனுப்பியிருந்தார், அதைப் படித்துக்கொண்டிருந்தேன். கூட்டம் எழுந்ததும் நானும் எழுந்து வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அது பெனால்டி.

திட்டுவதென்றால் திட்டுங்கள். ஆனால் ஏமாற்றினேன் என்று மட்டும் சொல்லாதீர்கள். ஏமாற்றுகிறவனுக்கு அதில் ஏதாவது கிடைக்க வேண்டும். எனக்குக் கிடைத்தது தொண்டைக்கட்டுதான்.

மாப்பிள்ளை


அக்டோபர் 11

மாப்பிள்ளைக்கு,

நேற்று போனேன். எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் இதை வேறு யாரிடம் சொல்வது?

இரண்டு மணி பத்து நிமிடத்திலிருந்து இரண்டு இருபதுக்குள் வாசலுக்கு வர வேண்டும் என்றார்கள். இரண்டு ஐந்துக்கு நின்றேன். சீக்கிரம் வந்துவிட்டேன் என்று ஓரமாக நிறுத்தினார்கள். நெற்றியில் ஒரு கருவியை நீட்டிச் சூடு பார்த்தார்கள். பிறகு ஒருவர், "தரையில அம்புக்குறி ஒட்டியிருக்கு சார், அதப் பாத்து அப்படியே போங்க" என்றார். கையிலிருந்த வெள்ளைக் கைத்தடியைத் தூக்கிக் காட்டினேன். "ஆமா சார், மஞ்சள் அம்பு" என்றார்.

ஊழியர் ஒருவரை அனுப்பினார்கள். சின்னப் பெண், நல்ல குரல். ஆனால் முழங்கையைக் கொடுக்கக் கூடாதாம், தொடக் கூடாதாம். அதற்காகவே ஒரு நீளக் கம்பு வைத்திருக்கிறார்கள். ஒரு முனையை அவர் பிடித்துக்கொள்ள, மறுமுனையை நான் பிடித்துக்கொண்டு போனேன். படிக்கட்டு வந்ததும் அவர் இறங்கிவிட்டார், நான் இறங்கவில்லை. கம்பு என் வயிற்றில் இடித்தது. "சாரி சார், எனக்கும் இன்னைக்குத்தான் முதல் நாள்" என்றார்.

நம் இடம்தான். அதை மாற்றவில்லை. ஆனால் என் இரு பக்கமும் மும்மூன்று இருக்கைகளை மடக்கி நாடாவால் கட்டியிருக்கிறார்கள். உன் இருக்கையைக் கையால் தடவிப் பார்த்தேன். நாடாவைக் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றி முடிச்சுப் போட்டிருக்கிறார்கள்.

முப்பதாயிரம் பேர் இருக்க வேண்டிய இடத்தில் மூவாயிரம் பேர். பாடக் கூடாது, கத்தக் கூடாது. கைதட்டலாம். எல்லோரும் கையுறை போட்டுக்கொண்டு தட்டினால் அடுத்த வீட்டில் மெத்தையைத் தட்டுவது போல இருக்கிறது. ஏழு மாதம் காத்திருந்தது இதற்குத்தானா என்று வெறுத்துவிட்டது.

காதுக் கருவியில் ஒரு பெண் பேசினார். குறை சொல்ல ஒன்றும் இல்லை. 'பந்து நடு வட்டத்தில். வலப்பக்கம் பன்னிரண்டு மீட்டர். வெளியே.' பந்து எங்கே போகிறதோ அங்கேயே போகிறார். ஒரு தப்பு இல்லை. இருபதாவது நிமிடத்தில் எனக்குக் கொட்டாவி வந்தது. நீ என்றால் இந்நேரம் ரெஃப்ரியின் மனைவி அவரோடு பேசுவதில்லை என்பது வரை சொல்லியிருப்பாய்.

மூன்றாம் நம்பர் ஆடினான். எனக்கு நான்கு வரிசை பின்னால் ஒருவன். பந்து இடப்பக்கம் போகும்போதெல்லாம் "மூணு, வீட்டுக்குப் போடா" என்றான். கத்தவில்லை. சாதாரணமாகச் சொன்னான், அந்த நிசப்தத்தில் அதுவே போதுமாக இருந்தது. இத்தனை வருடம் முப்பதாயிரம் பேர் சொல்லியும் எனக்குக் கேட்காமல் போனது ஒரு ஆள் சொல்லிக் கேட்டது. நாம் ஒரு கோல் வாங்கினோம். பிறகு இன்னொன்று. எழுபதாவது நிமிடம் காதில் அந்தப் பெண் சொன்னார். 'மூன்றாம் நம்பர் பந்தை இழந்தார். மூன்றாம் நம்பர் நிற்கிறார்.' உடனே பந்தோடு வலப்பக்கம் போய்விட்டார்.

நிற்கிறார் என்றால் எப்படி நிற்கிறார்? இடுப்பில் கை வைத்துக்கொண்டா, குனிந்துகொண்டா, யாரையாவது பார்த்துக்கொண்டா? அதை யாரிடம் கேட்பது? இடது பக்கம் திரும்பினேன். நாடா கட்டிய இருக்கை.

என்ன நினைத்தேன் என்று தெரியவில்லை. எழுந்துவிட்டேன். முகமூடியோடு அடித்தொண்டையிலிருந்து கத்தினேன். "மூணு, ஏறு. மூணு, ஏறு மூணு." அந்த மைதானம் முழுக்க என் குரல் போய்த் திரும்பி வந்தது எனக்கே கேட்டது. பின்னால் இருந்தவன்கூட வாயை மூடிக்கொண்டான்.

அந்தச் சின்னப் பெண் ஓடி வந்தார். இன்னொரு முறை கத்தினால் வெளியே அனுப்ப வேண்டியிருக்கும் என்று, அழாத குறையாகச் சொன்னார். பெயரை எழுதிக்கொண்டார். ஏற்கெனவே உன்னால் ஒரு எச்சரிக்கை, இப்போது என்னால் ஒன்று. ஐம்பத்திரண்டு வயதில், மூவாயிரம் பேருக்கு முன்னால், எட்டு வருடமாக ஆடத் தெரியாத ஒருவனுக்காகப் பைத்தியக்காரன் போல நின்றிருக்கிறேன். அவனுக்கு அது கேட்டுக்கூட இருக்காது. காதில் அதற்குப் பிறகு, அவனை வெளியே எடுத்ததைத் தவிர, அவனைப் பற்றி ஒரு சொல்லும் வரவில்லை. பந்து அவன் பக்கம் போகவில்லை.

இரண்டு கோலில் தோற்றோம். கம்பைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தேன்.

பதில் எழுத வேண்டாம்.

மச்சான்


அக்டோபர் 12

மச்சான்,

எழுத வேண்டாம் என்றீர்கள், சரி. ஆனால் எழுதாமல் இருந்தால் எனக்கு நெஞ்சு வெடித்துவிடும்.

நாங்கள் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தோம். உங்கள் தங்கை துணி மடித்துக்கொண்டிருந்தாள். திடீரென்று நிமிர்ந்து "அண்ணன் குரல் மாதிரி இருக்கே" என்றாள். டி.வி.யில்தான் கேட்டது. ஆள் இல்லாத மைதானத்தில் எல்லாம் கேட்கிறது என்று நீங்கள் எழுதியது சரிதான்.

அவன் எப்படி நின்றான் என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு முழங்காலிலும் கையை ஊன்றி, குனிந்து, புல்லைப் பார்த்துக்கொண்டு நின்றான். உங்கள் சத்தம் வந்ததும் தலையைத் தூக்கினான். பந்து அந்தப் பக்கம் இருக்கிறது, இவன் ஸ்டாண்டைப் பார்க்கிறான். தேடினான். காலியாகக் கிடக்கிற ஸ்டாண்டில் எழுந்து நிற்கிற ஒருவரைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? கண்டுபிடித்தான். கையைத் தூக்கினான். ஆர்ப்பாட்டமாக இல்லை, தோள் உயரத்துக்கு. தெருவில் தெரிந்தவரைப் பார்த்தால் தூக்குவோமே, அவ்வளவுதான்.

அப்புறம் ஓடினான். அந்தப் பழைய ஓட்டம் என்று நினைக்காதீர்கள். முழங்கால் ஒத்துழைக்காத ஓட்டம், ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடினான். பந்து அவனிடம் வரவே இல்லை. எதுவும் நடக்கவில்லை. ஐந்து நிமிடம் கழித்து அவனை வெளியே எடுத்துவிட்டார்கள். ரெஸ்ட் கொடுக்க இல்லை.

இதை மூன்று முறை எழுதி மூன்று முறை அழித்தேன். எனக்கே படித்தால் நம்பிக்கை வரவில்லை. நான் இட்டுக்கட்டுகிற கதை மாதிரியேதான் இருக்கிறது. பதினோரு வருடத்தில் நடக்காததை எத்தனையோ சொன்னேன், எல்லாவற்றையும் நம்பினீர்கள். நேற்று முன்தினம் ஒன்று நிஜமாகவே நடந்தது, உங்களுக்கென்றே நடந்தது, அதைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லாமல் போய்விட்டது. எனக்கு என் மேலேயே எரிச்சலாக இருக்கிறது. அந்தக் கட்டிலையாவது எழுதாமல் இருந்திருக்கலாம்.

உங்கள் தங்கையைக் கேளுங்கள். அவளும் பார்த்தாள். அவள் அடுத்தவர் மனம் நோகாமல் இருக்க ஒரு பொய் சொல்லக்கூடத் தெரியாதவள், அது எனக்குத் தெரிந்த அளவு யாருக்கும் தெரியாது. அந்த லேப் டெக்னீஷியனைக் கேளுங்கள். யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

உங்கள் மாப்பிள்ளை


அக்டோபர் 15

மாப்பிள்ளைக்கு,

உன் கடிதத்தைக் கம்ப்யூட்டர் படித்தது. 'கையைத் தூக்கினான்' என்பதைக் கரண்ட் பில் தொகை மாதிரிதான் படித்தது. நான்கு முறை படிக்க வைத்தேன்.

கோபம் போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. அந்தப் பெனால்டியை நான் தலையால் முட்டிக் காட்டியது ஆஸ்பத்திரியில் இன்னும் பலருக்கு ஞாபகம் இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை ஒரு அம்மா போன் செய்தார். வீட்டுக்காரர் வார்டில் இருக்கிறார். பட்டியலில் 'நிலையில் மாற்றமில்லை'. சொன்னேன். "இப்ப என்ன பண்ணிட்டிருக்கார்" என்று கேட்டார். பட்டியலில் அதற்குக் கட்டம் இல்லை. வழக்கமாக அதோடு வைத்துவிடுவேன். அன்றைக்கு, கொஞ்சம் இருங்கள் என்று சொல்லிவிட்டு வார்டுக்குப் போட்டு நர்ஸிடம் கேட்டேன். அவர் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார். இடது பக்கமாகத் திரும்பி, கன்னத்துக்குக் கீழே கையை வைத்துக்கொண்டு படுத்திருக்கிறார் என்று. அதை அப்படியே அந்த அம்மாவிடம் சொன்னேன். "ஆமா, அப்படித்தான் படுப்பார்" என்றார். ரொம்ப நேரம் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. போர்டில் காத்திருக்கிற நான்கு அழைப்பின் சத்தம் வந்துகொண்டிருந்தது.

உன் தடையை நீக்கச் சொல்லிக் கிளப்புக்கு எழுதினேன். படிவம் அனுப்பியிருக்கிறார்கள். படம், படம், படம்.

நேற்று கேன்டீனில் லேப் டெக்னீஷியன் இரண்டு மீட்டர் தள்ளி நின்றுகொண்டு, "சார், சனிக்கிழமை டி.வி.ல" என்று ஆரம்பித்தார். சொல்லாதீங்க என்றேன். ஒரு மாதிரி ஆகிவிட்டார். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் தங்கச்சி போன் செய்தாள், ஆறு வாரத்துக்குப் பிறகு. எடுத்ததும் "அண்ணா, அந்த மூணாம் நம்பர் இருக்கானே" என்றாள்.

"வேண்டாம்மா," என்றேன். "எனக்குச் சொல்ல ஆள் இருக்கு."

இன்று ஆறு மணிக்கு வேலை முடிகிறது. ஏழு மணிக்கு வீட்டில் இருப்பேன். போன் செய், எடுக்கிறேன். கையைத் தூக்கினான் என்று எழுதியிருக்கிறாய், எந்தக் கை என்று எழுதவில்லை. அதிலிருந்து ஆரம்பி.

மச்சான்